டிக்கி ஷொக் மாற்றப் போகிறீர்களா? குளிர் ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்

மட்டக்களப்பில் வேன் வைத்திருப்பவர்கள் பலருக்குப் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் ஷொக் களைத்துப்போனது வீட்டு வாசலில் தெரிவதில்லை. மலையேறிய பிறகுதான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு தை மாதம், செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் ஏறி, மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று இரவோடிரவாக நுவரெலியாவுக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றப் போயிருந்தோம். விடியப்புறம் பின்கதவைத் தூக்கிவிட்டு மச்சான் குனிந்து பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஒருவரும் தொடவில்லை. கதவு மெல்ல மெல்ல இறங்கி, பாதி வந்ததும் ஒரேயடியாக விழுந்தது. தோளில் பட்டது. கழுத்தில் பட்டிருந்தால் என்ன கதி என்று இன்றைக்கும் நினைத்து நடுங்குகிறேன்.

ஊருக்கு வந்து மறுநாள் மத்தியானம் கராஜில் காட்டினால், அதே கதவு சிலைபோல நிற்கிறது. “நல்லாத்தானே இருக்கு” என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அந்த வெயிலில் அது நன்றாகத்தான் இருந்தது. முதல்முறையாக வண்டி வாங்கியவர்கள், சொந்தமாக ஷொக் வாங்கி மாற்ற நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அதனால் கடைக்குப் போவதற்கு முன் வெப்பநிலைக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிரில் ஏன் கதவு விழுகிறது

டிக்கி ஷொக் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு வாயுச் சுருள். ஆனால் உள்ளே சுருள் எதுவும் இல்லை. மூடிய இரும்புக் குழாய்க்குள் நைதரசன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். அந்த வாயு எந்நேரமும் தண்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள தண்டு 400 நியூட்டன் விசையோடு தள்ள வேண்டுமென்றால், உள்ளே ஏறக்குறைய 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். காரின் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஷொக்கை என்ன செய்வது என்று பின்னால் சொல்லும்போது இது உதவும்.

அடைத்த வாயு சூடேறினால் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும். எவ்வளவு என்று கணக்குப் பார்க்க, செல்சியஸ் அளவோடு 273ஐக் கூட்டி ஒன்றை மற்றதால் பிரித்தால் போதும். நம்மூர் மத்தியானம் 33 பாகை என்றால் 306. நுவரெலியா தை மாத விடியல் 6 பாகை என்றால் 279. 279ஐ 306ஆல் பிரித்தால் 0.91. அதாவது நம்மூரில் காட்டிய பலத்தில் 9 வீதம் அங்கே காணாமல் போகும். கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. தை, மாசியில் சில விடியல்களில் புல் நுனியில் உறைபனியே படிந்திருக்கும்.

9 வீதம்தானே என்று விட்டுவிட வேண்டாம். புது ஷொக்குக்கு அது பெரிதல்ல. ஆனால் சில வருடம் ஓடிய ஷொக்கில் இருந்து வாயு ஏற்கனவே கொஞ்சம் கசிந்திருக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். கதவைத் தாங்க ஒவ்வொரு பக்கமும் 367 நியூட்டன் தேவை என்று வைப்போம். 450 என்று போட்ட ஷொக் ஐந்தில் ஒரு பங்கை இழந்து 360க்கு வந்துவிட்டது. குழாயில் அச்சிட்டிருக்கும் எண் வழமையாக 20 பாகைக்கு உரியது. ஆகவே மட்டக்களப்பு மத்தியானத்தில் அந்த 360, 376 ஆக மாறும், கதவு நிற்கும். நுவரெலியாவில் அதுவே 343, கதவு விழும். திரும்பி வந்ததும் மறுபடி 376. பிணைச்சலிலும் ஷொக்கிலும் உள்ள உராய்வை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் போக்கு இதுதான். மேலே விழுந்தது கீழே வந்ததும் தானாகச் சரியானது போலத் தெரிவது ஷொக் கடைசிக்கட்டத்தில் இருப்பதற்கான அடையாளம். “இப்ப சரியாயிற்று” என்று அப்படியே அடுத்த பயணம் போய்விடாதீர்கள்.

வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மைனஸ் 20 பாகையில் நிறுத்திய வண்டியில் அச்சிட்ட எண்ணில் 86 வீதம்தான் மிஞ்சும். எண்ணெய் தடித்து, ரப்பர் சீலும் இறுகுவதால் கதவு ஏறுவதும் ஆமை வேகத்தில்தான். அவர்களுக்கு வருடா வருடம் வரும் தொல்லை இது. நமக்கு மலைப் பயணத்தில் மட்டும் வருவதால்தான் அசட்டையாக இருக்கிறோம்.

பழுதா இல்லையா என்று எப்போது பார்ப்பது

மத்தியானத்தில் பார்க்காதீர்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பார்ப்பது அதைவிட வீண். வெயிலில் நின்ற வண்டிக்குள் சூடு ஏறியிருக்கும்போது செத்துப்போன ஷொக்கும் வீரம் காட்டும். மாரி காலத்து விடியலில், வண்டியை எடுப்பதற்கு முன் திறந்து பாருங்கள். முழுவதும் திறந்து கையை எடுத்தால் நிற்க வேண்டும். அரைவாசிக்குச் சற்று மேல் வைத்துக் கையை எடுத்தாலும் தானாக மேலே போக வேண்டும், குறைந்தது கீழே வரக்கூடாது. தண்டில் எண்ணெய் ஈரம் தெரிந்தாலோ, துருப் புள்ளிகள் தெரிந்தாலோ வேறு சோதனை வேண்டாம், மாற்றுங்கள்.

இதற்கு முன் ஒரு விடயம். கதவு ஏறாததற்கு எப்போதும் ஷொக்தான் காரணம் என்றில்லை. பிணைச்சலில் துரு ஏறி இறுகியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதோடு கதவில் நீங்கள் எதைப் பூட்டியிருக்கிறீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஸ்பொய்லர், ஸ்பீக்கர் பெட்டி, ஏணி என்று ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டுக் கம்பனி ஷொக் தாங்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. அப்படிப்பட்ட கதவுக்குக் கம்பனி எண்ணை வைத்து வாங்கக்கூடாது, கீழே சொல்கிறபடி நிறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கடைக்குப் போக முன் கையில் இருக்க வேண்டியவை

குழாயில் ஒட்டியிருக்கும் அல்லது அச்சிட்டிருக்கும் எழுத்துகளை முதலில் படம் எடுங்கள். பாக எண்ணும், நியூட்டனில் விசையும் அதில் இருக்கும். சிலவற்றில் செய்த வாரமும் ஆண்டும் இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் வண்டிப் புத்தகத்தில் இருக்கும் சேஸி நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நல்ல உதிரிப்பாகக் கடைக்காரர் சரியான பாக எண்ணைத் தேடித் தருவார். மொடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு, கூரை உயரத்துக்கு ஏற்பக் கதவு மாறும், ஷொக்கும் மாறும். சில வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு எண்.

அடுத்தது நீளம். இதில் அவசரப்படாதீர்கள். கதவை முழுவதும் திறந்து, ஏமாற்றாத முட்டு ஒன்று கொடுத்து, ஷொக்கின் இரண்டு முனைகளும் மாட்டியிருக்கும் பந்துக் கொண்டையின் நடுவில் இருந்து நடுவுக்கு அளவெடுங்கள். உதாரணமாக 520 மில்லிமீற்றர் என்று வைப்போம். பிறகு ஒருவர் டோர்ச்சோடு வண்டிக்குள் ஏறிக் கதவை மூடச் சொல்லி, அதே இரண்டு பந்துகளுக்கும் இடையே உள்ள தூரத்தை உள்ளிருந்து அளக்க வேண்டும். அது 310 என்று வைப்போம். இப்போது உங்களுக்குத் தேவையான ஷொக் விரிந்த நிலையில் 520, சுருங்கிய நிலையில் 310க்குக் குறைவு. தண்டு ஓடும் தூரம் 220 என்றால் சுருங்கிய நீளம் 300. அது பொருந்தும். ஓடும் தூரம் 200 என்றால் சுருங்கிய நீளம் 320. அது மூடாது. பலமாக அடித்து மூடினால் தகடு வளையும், கண்ணாடிகூட வெடிக்கலாம்.

விரிந்த நீளத்தைக் “கிட்டத்தட்டச் சரி” என்று ஏற்காதீர்கள். பல வண்டிகளில் கதவை மேலே போய் நிற்கவைப்பதே இந்த ஷொக்தான். பத்து மில்லிமீற்றர் நீளம் கூடினால் பிணைச்சல் முறுகும். பத்து மில்லிமீற்றர் குறைந்தால், கதவின் நுனி ஏழெட்டு சென்ரிமீற்றர் பதிந்து நிற்கும். உயரமான ஆள் என்றால் ஒவ்வொரு நாளும் நெற்றியில் வாங்குவார்.

பந்தின் விட்டம் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர், சிலதில் 8. அதையும் தண்டின், குழாயின் தடிப்பையும் பாருங்கள். தடித்த குழாய் வாங்கினால் கதவோரத்தில் உரசும்.

எத்தனை நியூட்டன்

கதவில் மேலதிகமாக எதுவும் பூட்டாத, கம்பனி நிலையில் இருக்கும் வண்டிக்குக் கம்பனி எண்ணே சரி. குளிருக்கு வேண்டிய விட்டுக்கொடுப்பை வண்டி செய்தவர்கள் ஏற்கனவே சேர்த்திருப்பார்கள். எண் தெரியாதபோதும், கதவின் பாரம் மாறியபோதும்தான் நாமே கணக்குப் போட வேண்டும். நான் செய்த முறை இது. மீன்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்றும், முற்றத்தில் ஒரு மாமரக் கிளையும் போதும்.

வண்டியைக் கிளைக்குக் கீழே நிறுத்துங்கள். கதவை முட்டுக் கொடுத்துத் திறந்து, இரண்டு ஷொக்கையும் கழற்றுங்கள். கிளையில் இருந்து கயிறு, கயிற்றில் தராசு, தராசுக் கொக்கியில் கதவின் நுனி. கயிறு நேர்ச் செங்குத்தாக இருக்க வேண்டும். கதவு முழுவதும் திறந்திருக்கும் உயரத்துக்குக் கயிற்றை இறுக்கி, முட்டில் பாரம் இல்லாத அளவுக்கு வந்ததும் தராசைப் படியுங்கள். முட்டுக்கட்டையை அகற்ற வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும். கதவுக்குக் கீழே ஒருவரும் நிற்கக்கூடாது, பிள்ளைகள் முற்றத்திலேயே இருக்கக்கூடாது.

தராசு 9 கிலோ காட்டுகிறது. பிணைச்சலில் இருந்து கயிறு வரை கிடைத்தூரம் 100 சென்ரிமீற்றர். 9ஐ 9.8ஆல் பெருக்கினால் 88 நியூட்டன். அதைத் தூரத்தால் பெருக்கினால் 8,800. இப்போது ஷொக் இருக்கும் கோட்டில் ஒரு நூலைப் பிடித்து, பிணைச்சலில் இருந்து அந்த நூலுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளவெடுங்கள். 12 சென்ரிமீற்றர் என்றால், 8,800ஐ 12ஆல் பிரித்தால் 733. இரண்டு ஷொக்குக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ 367. இதுதான் கதவை விழாமல் பிடிக்க மட்டும் போதுமான அளவு. கொஞ்சமும் கூட இல்லை.

இனிக் குளிரைச் சேருங்கள். உங்கள் வண்டி போகக்கூடிய மிகக் குளிரான விடியல் 5 பாகை என்றால், 278ஐ 293ஆல் பிரித்தால் 0.95. 367ஐ 0.95ஆல் பிரித்தால் 386. ஷொக் வயதாகும்போது இழக்கப்போவதற்காக ஒரு 10 வீதம் கூட்டினால் 425 வரும். கடையில் 420 இருந்தாலும் எடுக்கலாம், 450 இருந்தாலும் எடுக்கலாம். மட்டக்களப்பைத் தாண்டாத வண்டி என்றால் 400 தாராளம். கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாகவே ஓடுபவர்களுக்குக் குளிர்க் கணக்கே தேவையில்லை.

“கூடின எண்ணாப் போட்டா நல்லம்தானே?” என்று பலரும் கேட்கிறார்கள். நல்லதில்லை. 600ஐப் பூட்டினால் கச்சான் வெயிலில் அது இன்னும் ஐந்தாறு வீதம் ஏறி, பூட்டை விட்டதும் கதவு முகத்தில் அடிப்பது போல எழும்பும். மூடும்போது தொங்க வேண்டியிருக்கும். வீட்டில் வயதான அம்மாவால் மூடவே முடியாது. பிணைச்சலும் ஷொக் பூட்டிய தகடும் வருடக்கணக்கில் அந்த மேலதிக பாரத்தைத் தாங்கி வெடிக்கும். குளிர்க் கணக்கு சேர்ப்பது சில வீதக் கணக்குத்தான், ஒன்றரை மடங்கு ஆக்குவது அல்ல.

கடையில்

“காக்கா, பின்கதவு ஷொக் ஒரு சோடி வேணும்” என்று நான் தொடங்கியபோது, காத்தான்குடிக் கடைக்காரர் முதலில் கேட்டது “பழசக் கொண்டாந்தீங்களா தம்பி?” என்பதுதான். அப்படிக் கேட்பவரிடம் வாங்குங்கள். பழையதைப் பக்கத்தில் வைத்து நீளத்தையும் முனைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் விடுவார். வண்டியின் பெயரைக் கேட்டதும் தட்டில் இருந்து ஒன்றை எடுத்து நீட்டுபவரிடம் நீங்கள்தான் அளவு நாடாவை எடுக்க வேண்டும்.

சோடியாகவே வாங்குங்கள். ஒன்று மட்டும் செத்திருந்தாலும் மற்றதும் அதே வயதுதான். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் கதவு முறுகும், கண்ணாடிச் சட்டம் சரியும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

கழற்றி வந்த ஜப்பான் ஷொக் மலிவாகக் கிடைக்கும். நான் வாங்க மாட்டேன். அது எத்தனை குளிர்காலம் பார்த்தது, எவ்வளவு வாயு மிச்சம் என்று வெளியில் இருந்து தெரியாது. பழைய குழாயில் துளையிட்டு, வால்வு வைத்து, வாயு ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

நாம் வாவியும் கடலும் சூழ்ந்த ஊர்க்காரர். உப்புக்காற்று குரோம் பூச்சில் ஒரு பொட்டு இடைவெளி கண்டாலும் துருவை இறக்கிவிடும். அந்தத் துருப் புள்ளி ஒவ்வொரு தடவையும் சீலைக் கீறும், வாயு போகும். கருநிறமாக, நைதரசனால் இறுக்கிய தண்டு கிடைத்தால் நமக்கு அதுதான் பொருத்தம். கரைக்கு மிக அருகில் நிற்கும் வண்டிக்குத் துருப்பிடிக்காத உருக்கில் செய்ததும் கிடைக்கும். விலை கூட.

வாங்கிய கையோடு ஒரு சோதனை செய்யலாம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். மீன் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டிக்குள், பொலித்தீனில் சுற்றிய ஷொக்கை ஒரு மணித்தியாலம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பூட்டிப் பாருங்கள். 0 பாகைக்குக் கிட்ட இருக்கும் ஷொக் உங்கள் கதவைப் பிடித்தால், நுவரெலியாவிலும் பிடிக்கும். மலையேறிப் பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் ஐஸ் காசு ஒன்றுமேயில்லை.

பின்கதவு பட்டனில் தானாகத் திறக்கும் வண்டி என்றால் இந்தக் கணக்குகளை விடுங்கள். மோட்டாருக்கு ஏற்ற கம்பனிப் பாகத்தை மட்டும் போடுங்கள்.

பூட்டும்போது

பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். கதவுக்கு மரக்குற்றி முட்டு, அதோடு பிடிக்க ஓர் ஆள். தும்புத்தடிக் காம்பை முட்டாக நம்ப வேண்டாம், வழுக்கும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறு பக்கம் போங்கள். முனையில் இருக்கும் கம்பி வளையத்துக்குக் கீழே சிறிய தட்டை ஸ்குரூ ட்ரைவரை விட்டு மூன்று நான்கு மில்லிமீற்றர் தூக்கினால் போதும், முனை பந்தில் இருந்து கழன்று வரும். வளையத்தை முழுவதும் பிடுங்கினால் துள்ளிப் புல்லுக்குள் போய்விடும்.

புதியதைப் பூட்டும்போது, கதவு மூடியிருக்கும் நிலையில் தண்டு கீழ்ப்பக்கமும் குழாய் மேல்பக்கமும் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் அப்போதுதான் சீலில் படிந்து அதை ஈரமாக வைத்திருக்கும். தலைகீழாகப் பூட்டினால் சீல் காயும், கதவு மேலே போய் மோதி நிற்கும். கம்பனி வேறு விதமாகப் பூட்டியிருந்தால் கம்பனி விதப்படியே செய்யுங்கள். பந்தில் ஒரு துளி கிறீஸ் வையுங்கள். தண்டில் கிறீஸ் கூடாது, மணல் ஒட்டும். தண்டைக் குறட்டால் பிடிக்கவே கூடாது. டக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி, இழுத்துப் பாருங்கள். முதல் தடவை மெதுவாக மூடி, கடைசிப் பத்து சென்ரிமீற்றரில் எதுவும் தடுக்கிறதா என்று கவனியுங்கள். பிறகொரு நாள் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் தண்டைக் கடதாசியால் சுற்றச் சொல்லுங்கள். காய்ந்த பெயின்ட் சீலை வெட்டும்.

கழற்றிய பழையதைக் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். நாம் எல்லோரும் வளவில் குப்பை எரிப்பவர்கள் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன். கதவைத் தாங்க மாட்டாத ஷொக்கிலும் உள்ளே பல பத்து பார் அழுத்தம் மிச்சம் இருக்கும், நெருப்பில் அது வெடிக்கும். அறுக்கவும், துளைக்கவும், வெல்டிங் வைக்கவும் கூடாது. பழைய இரும்புக்காரர் வந்தால் தனியாக எடுத்துக் கொடுத்து, “இதுக்குள்ள கேஸ் இருக்கு, வெட்டாதீங்க” என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். நான் அதன்மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு குறுக்குக் கோடும் போட்டுத்தான் கொடுத்தேன்.